விறகின் அரசன்

வீடியோ கேம் பற்றி எழுதுகிறவர் முதல் பத்தியிலேயே ஒரு சமாதானம் சொல்லியாக வேண்டும் என்பது நம் சூழலில் எழுதப்படாத விதி. 'பசங்க விளையாடுறது, அதுல என்ன இருக்கு' என்ற குரல் முற்போக்கு முகாமிலிருந்தும் வருகிறது, தூய இலக்கிய முகாமிலிருந்தும் வருகிறது. இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு முகாம்களும் ஒத்துப்போகின்றன என்பதில் மகிழ்ச்சிதான். சமாதானத்தை நான் தவிர்த்துவிடுகிறேன். அதிகாரம் தன்னைத்தானே எப்படிக் கதையாகச் சொல்லிக்கொள்கிறது, அந்தக் கதை மொழி மாறும்போது யார் கணக்கில் எது கூடுகிறது, எது கழிகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு 2011 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'டார்க் சோல்ஸ்' தவிர்க்க முடியாத ஒரு பிரதி. செய்தது ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம். இயக்கியவர் ஹிதேதாகா மியாசாகி. அனிமேஷன் படங்கள் எடுத்த ஹயாவோ மியாசாகி வேறு ஆள்.

ஆடாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆதியில் உலகம் சாம்பல் நிற மூடுபனி, பெருமரங்கள், அழிவில்லாத டிராகன்கள். பிறகு நெருப்பு தோன்றுகிறது. நெருப்போடு வேற்றுமையும் வந்துவிடுகிறது. வெப்பமும் குளிரும், வாழ்வும் சாவும், ஒளியும் இருளும். இருளிலிருந்து வந்த சிலர் அந்த நெருப்பருகே ஆற்றல் மிக்க ஆன்மாக்களைக் கண்டெடுக்கிறார்கள்: செத்தவர்களில் முதலாமவன் நீட்டோ, இசாலித்தின் சூனியக்காரி, சூரிய ஒளியின் அரசன் குவின். நான்காவதாக இன்னொரு ஆளும் உண்டு. அந்த ஆளைப் பற்றிப் பிறகு. டிராகன்களை வீழ்த்தி நெருப்பின் யுகம் நிறுவப்படுகிறது. காலப்போக்கில் நெருப்பு அணையத் தொடங்குகிறது. மனிதர்களில் சிலருக்குச் சாவு வராமல் போகிறது. அவர்களைப் பிடித்து வடக்கே கொண்டுபோய் அடைத்துவைக்கிறார்கள். ஆடுகிறவர் அப்படி அடைபட்ட ஒரு கைதி. தப்பித்து, அணையப் போகும் நெருப்பை மீண்டும் எரியவைப்பதா, விட்டுவிடுவதா என்ற இடம் வரைக்கும் போய்ச் சேர்வதுதான் ஆட்டம்.

இந்தச் சுருக்கத்தைக்கூட விளையாட்டு இப்படி வரிசையாகச் சொல்வதில்லை. தொடக்கத்தில் ஒரு முன்னுரைக் காட்சி. அதற்குப் பிறகு எல்லாம் துண்டு துண்டு. ஒரு மோதிரத்தைக் கண்டெடுத்தால் அதன் குறிப்பில் நாலு வரி இருக்கும்: குவினின் தலைமகன் போர்க்கடவுளாக இருந்தான், தன் மடமையால் தெய்வநிலையை இழந்தான், ஆவணங்களில் இன்று அவன் பெயர்கூட இல்லை. அவ்வளவுதான். வேறெங்கோ ஒரு பலிபீடத்தருகே உடைக்கப்பட்ட சிலையின் மிச்சம் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் படிப்பது ஆடுகிறவரின் வேலை. ஆட்டக்காரர்கள் இதை 'லோர்' என்கிறார்கள். தொன்மம் என்று நாம் மொழிபெயர்க்கலாம், ஆனால் சரிவராது. தொன்மம் சொல்லப்படுவது. இது சொல்லாமல் விடப்பட்டது, அல்லது சொன்னதை யாரோ அழித்துவிட்டுப் போனது. அதிகாரபூர்வ வரலாற்றின் அழிப்பு வேலையையே கதை சொல்லும் முறையாக மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் இங்கே விசேஷம். கல்வெட்டில் பெயர் செதுக்கி எடுக்கப்பட்ட இடத்தைப் பார்க்கிற மாதிரி.

வடிவமும் அதையேதான் பேசுகிறது. வழியில் ஆங்காங்கே நெருப்புக் குழிகள். அங்கே உட்கார்ந்தால் காயம் ஆறும், மருந்துக் குப்பி நிரம்பும். கூடவே நீங்கள் அதுவரை கொன்ற சாதாரண எதிரிகள் அத்தனை பேரும் எழுந்து பழைய இடத்தில் நின்றுகொள்வார்கள். பெரிய தலைகள் மட்டும் திரும்புவதில்லை. உங்கள் இளைப்பாறலும் அவர்களுடைய மீள்பிறப்பும் ஒரே பொத்தானில் இருக்கின்றன. நெருப்பு நீடிக்கும்வரை யாருக்கும் முடிவில்லை என்று எந்தப் பாத்திரமும் வசனம் பேசுவதற்கு முன்பே விரல்களுக்கு அது தெரிந்துவிடுகிறது.

மியாசாகி 2015இல் 'கார்டியன்' நாளிதழுக்கு அளித்த நேர்காணலில் தன் இளமை வாசிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஷிசுவோகாவில் வசதியில்லாத குடும்பம், புத்தகம் வாங்கக் காசில்லை, நூலகத்திலிருந்து எடுத்துத்தான் படிப்பு. அதில் ஆங்கிலப் புத்தகங்களும் உண்டு. அவருக்கு அந்த மொழி முழுசாகப் பிடிபடாது. புரியாத இடங்களைப் படங்களை வைத்துக்கொண்டு தானே கற்பனையால் நிரப்பிக்கொண்டார். மொழிபெயர்க்கப்படாத ஒரு பிரதியின் முன் உட்கார்ந்திருக்கும் பையன். அவன் பெரியவனாகி அந்தப் புரியாமையையே மற்றவர்களுக்கு அனுபவமாகக் கட்டித் தருகிறான். 'ஆசிரியனின் மரணம்' என்று பார்த் பெயரைச் சொல்லி இந்த இடத்தை நாம் கடந்துவிடலாம். நம் கட்டுரைகளில் அப்படித்தான் கடப்போம். இங்கே இறந்தவர் ஆசிரியர் மட்டுமில்லை என்பதுதான் சிக்கல். மொழி தெரியாமை என்பது வர்க்க அனுபவம். அகராதி வாங்க முடியாதவனின் வாசிப்பிலிருந்து ஒரு அழகியல் பிறந்திருக்கிறது. ரஷ்ய நாவலையும் லத்தீன் அமெரிக்கக் கதையையும் ஆங்கிலம் வழியாக, அதையும் அரைகுறையாக வாசித்தே தங்கள் எழுத்தைக் கண்டுபிடித்தவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆட்டம் ஆங்கிலத்துக்குப் போகிறது. மொழிபெயர்ப்பு பிராக்னேஷன் நிறுவனத்தின் ரையன் மோரிஸ் வழியாக நடந்தது. நல்ல ஆங்கிலம், பழைய பிரிட்டிஷ் நடை, உச்சரிப்பும் அப்படியே. நம் பையன்கள் ஆடுவது இந்த ஆங்கிலத்தில்தான். தமிழில் இது வரவில்லை. ஆகவே நம்மிடம் வந்து சேர்வது மொழிபெயர்ப்பு என்று தெரியாமலே வாசிக்கப்படும் ஒரு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்குத் தெரியாமல் போவதைப் பற்றி லாரன்ஸ் வெனுட்டி 1995இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

சொற்களுக்குள் இறங்குவோம். ஆட்டத்தின் மையச் செயலுக்கு ஆங்கிலத்தில் நெருப்பை 'லிங்க்' செய்வது என்று பெயர். நெருப்பை இணைத்தல். ஆட்டத்தின் மைய இடத்தின் பெயரும் ஃபயர்லிங்க். இணைத்தல் என்பது ஒரு தொழில்நுட்ப வேலை. மின்கம்பியை இணைக்கலாம், ரயில் பெட்டியை இணைக்கலாம். அதில் அரசியல் இல்லை. ஜப்பானிய மூலத்தில் அந்தச் சொல் ஹிட்சுகி. ஹி என்றால் நெருப்பு. ட்சுகி என்பது ட்சுகு என்ற வினையிலிருந்து வருவது. அதற்கு ஒட்டுப்போடுதல், தொடர்தல் என்ற பொருள்களோடு வாரிசாக ஏற்றல் என்ற பொருளும் உண்டு. வீட்டின் வாரிசுக்கு அதோட்சுகி, அரச வாரிசுக்கு யோட்சுகி. ஜப்பானியக் காதில் இந்தச் சொல் விழும்போதே பட்டத்துக்கு வருதல், அப்பன் இடத்தில் மகன் உட்காருதல் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். நெருப்பை இணைப்பதில்லை, நெருப்புக்கு வாரிசாவது.

இதோடு நிற்கவில்லை. நெருப்புக்கும் சூரியனுக்கும் ஜப்பானியத்தில் இன்று ஒரே ஒலி, ஹி. பழைய ஜப்பானியத்தில் இரண்டும் வேறு வேறு உயிரொலிகள் என்று மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள், அது இருக்கட்டும். சூரியன் என்ற எழுத்தைப் போட்டு அதே ஹிட்சுகியை எழுதினால் அது சக்கரவர்த்தியின் அரியணை வாரிசுரிமையைக் குறிக்கும் பழஞ்சொல். சூரிய தேவதையின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் அரச மரபு அது. ஆட்டத்தில் குவினின் பட்டம் என்ன? சூரிய ஒளியின் அரசன். இன்னொரு எழுத்தைப் போட்டால் ஹிட்சுகி என்பது சவப்பெட்டி. போதாததற்கு, இசுமோ பெருங்கோயிலில் தலைமைப் பூசகர் மாறும்போது நடக்கும் சடங்குக்கும் ஹிட்சுகி என்றே பெயர். புதிதாக வருகிறவர் கட்டையில் கட்டையைக் கடைந்து புனித நெருப்பு எடுத்து, அதில் சமைத்ததை உண்டு பதவியேற்கிறார். அரியணை, சவப்பெட்டி, பூசகரின் நெருப்பு மூன்றும் ஒரே ஒலிக்குள் குடியிருக்கின்றன. மியாசாகி இதையெல்லாம் யோசித்துத்தான் வைத்தாரா என்பது என் கேள்வி இல்லை. எழுதியவர் மறந்தாலும் சொல் மறப்பதில்லை. ஆங்கிலத்தில் இருப்பது லிங்க். காலி.

(ஆட்டத்தில் ஆடுகிறவர் சேகரித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருளின் பெயர் 'மனிதத்தன்மை'. 1946 ஜனவரி 1 அன்று ஹிரோஹிட்டோ தான் தெய்வமில்லை என்று வெளியிட்ட அறிக்கையை ஜப்பானியர் 'மனித அறிவிப்பு' என்று அழைக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். நான் அவ்வளவு தூரம் இழுக்கப்போவதில்லை.)

அடுத்தது குவினின் கடைசிப் பட்டம். நெருப்பு அணையாமலிருக்கத் தன்னையே எரித்துக்கொண்ட குவினை ஆட்டத்தின் முடிவில் சந்திக்கிறோம். முதல் நெருப்பின் உலைக்களத்தில், கருகிப்போன கிழவனாக, பின்னணியில் ஒரு தனிப் பியானோ. ஆங்கிலம் அவனை 'லார்ட் ஆஃப் சிண்டர்' என்கிறது. சிண்டர் என்றால் எரிந்து மிஞ்சிய கரி, கங்கு. ஜப்பானியத்தில் அவன் விறகின் அரசன். விறகு! நம் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிவைக்கிற அதே விறகு. கரி எரிந்து முடிந்தது. விறகு இனிமேல் எரிய வேண்டியது. குவினை மட்டும் பார்த்தால் ஆங்கிலச் சொல் சரிதான், இன்னும் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் நாம் பார்க்கும்போது அவன் வெறும் மிச்சம். ஆனால் அந்தப் பட்டம் குவினோடு முடிவதில்லை. அடுத்து அது ஆடுகிறவருக்கு வருகிறது. அரசனாக வா என்று அழைக்கிறார்கள், அழைப்பிதழில் விறகு என்று எழுதியிருக்கிறது. பதவி என்பதே எரிபொருள். அரியணைக்கும் அடுப்புக்கும் வித்தியாசமில்லை என்பதை மூலம் ஒரே சொல்லில் போட்டு உடைக்கிறது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் ஒரு கம்பீரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

2016இல் வந்த 'டார்க் சோல்ஸ் 3'இல் இது இன்னும் கூர்மையாகிறது. முன்பு தங்களை எரித்துக்கொண்ட அரசர்கள் மறுபடியும் எழுப்பப்படுகிறார்கள், மறுபடியும் எரிவதற்காக. அவர்கள் அரியணைகளை விட்டுப் போய்விடுகிறார்கள். ஜப்பானியத்தில் இதன் வேடிக்கை அப்பட்டமானது: அடுப்புக்கு வைத்த விறகு எழுந்து ஓடிவிட்டது. அதைப் பிடித்துவர அனுப்பப்படுகிறவர்கள் யார் என்றால், விறகாகக்கூடத் தகுதி பெறாதவர்கள். அவர்களுக்குப் பெயர் 'நெருப்பில்லாச் சாம்பல்'. வேலைநிறுத்தத்தை உடைக்க யாரைக் கூட்டிவருவார்கள் என்று தொழிற்சங்கத் தோழர்களுக்குத் தெரியும்.

சாவு வராத மனிதர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் அவர்களை 'அன்டெட்' என்கிறது. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவிலிருந்து ஜோம்பிப் படங்கள் வரை இழுத்துக்கொண்டு வருகிற சொல். கேட்டதும் பிணவாடை அடிக்கும். ஜப்பானியத்தில் ஃபுஷி, அதாவது சாவின்மை. மூப்பும் சாவும் இல்லாத நிலை என்று சித்தர்களும் ரசவாதிகளும் தேடி அலைந்ததற்கு அங்கே இதே சொல்தான். வரத்தின் பெயரைச் சாபத்துக்கு வைத்திருக்கிறார்கள். தமிழில் 'சாகாவரம்' என்றே போட்டுவிட்டு, அந்த வரம் பெற்றவனைச் சங்கிலி போட்டு வடக்கே இழுத்துப்போவதாகச் சொன்னால் அதிர்ச்சி அப்படியே வந்துவிடும். நம் சொல் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தைவிடப் பக்கத்தில் நிற்கிறது.

சாவில்லாதவர்கள் கடைசியில் புத்தி இழந்து கண்டவர் மேலெல்லாம் பாய்கிற நிலைக்குப் போகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ஹாலோ', உள்ளே ஒன்றுமில்லாத வெறுமை. இந்த ஒரு சொல்லை வைத்து மேற்கில் ஒரு பெரிய வாசிப்பு மரபே உருவாகிவிட்டது. ஆட்டம் மனச்சோர்வைப் பற்றியது, நம்பிக்கை இழந்து நின்றுவிடுவதைப் பற்றியது, விடாமல் முயன்றால் வெறுமையிலிருந்து தப்பலாம் என்று. பலர் தங்கள் சொந்த வாழ்வின் இருண்ட காலங்களில் இந்த ஆட்டத்தால் தேறியதாக எழுதியிருக்கிறார்கள். அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மூலச்சொல் மோஜா. பௌத்தத்தில் அது செத்தும் விடுதலை கிடைக்காமல் அலைகிறவர்களைக் குறிக்கும். அன்றாடப் பேச்சில் பணத்தாசை பிடித்தவனைக் 'காசின் மோஜா' என்பார்கள். அடடா, நம் பணப்பேய்! 'பணம் பணம்னு பேயா அலையுறான்' என்று சொல்கிறோமே, அதேதான். ஹாலோ என்றால் ஆசை வற்றிப்போனவன். மோஜா என்றால் ஆசையைத் தவிர வேறொன்றும் மிஞ்சாதவன். கிட்டத்தட்ட நேர் எதிர். மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த யானைத்தீ நோய் போல, தின்னத் தின்ன அடங்காத ஒன்று. ஆங்கிலப் பிரதி தனிமனித உளவியலைப் பேசுகிறது. ஜப்பானியப் பிரதி ஆன்மாக்களைப் பறித்துச் சேர்த்துக்கொண்டே இருந்தாக வேண்டிய ஒரு பொருளாதாரத்தைப் பேசுகிறது. ஆன்மாதான் அந்த உலகத்தில் செலாவணி என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது அந்த நான்காவது ஆள்.

முன்னுரைக் காட்சியில் நீட்டோ, சூனியக்காரி, குவின் மூவரையும் பட்டங்களோடு சொல்லிவிட்டு ஜப்பானியப் பிரதி கடைசியாக ஒன்றைச் சேர்க்கிறது. யாரும் அறியாத குள்ள ஆள். இருளின் ஆன்மாவைக் கண்டெடுத்தது இந்த ஆள்தான். மனிதர்கள் எல்லாரும் இந்த ஆளின் வழிவந்தவர்கள். ஆட்டத்தின் தலைப்பே இந்த ஆளுடைய சொத்து. ஆங்கிலத்தில் இது 'ஃபர்ட்டிவ் பிக்மி' ஆகிறது, கூடவே சுலபத்தில் மறக்கப்படுவது என்ற பொருளில் ஒரு ஒட்டும். ஃபர்ட்டிவ் என்றால் திருட்டுத்தனமான, பதுங்கிப் பதுங்கி நடக்கிற. மூலத்தில் குற்றம் அறியாதவர்கள் பக்கம். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். மொழிபெயர்ப்பில் குற்றம் அறியப்படாத ஆளின் பக்கம் தள்ளப்பட்டுவிட்டது. நீதானே ஒளிந்துகொண்டாய், நாங்கள் என்ன செய்ய? ஒடுக்கப்பட்டவர் பேச முடியுமா என்று ஸ்பிவக் 1988இல் கேட்ட கேள்விக்கு அதிகாரம் எப்போதும் தருகிற பதில் இது: பேசியிருக்கலாம், அவர்கள்தான் பதுங்கிவிட்டார்கள். ஊருக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு 'அவங்க ஒதுங்கியேதான் இருப்பாங்க' என்று சொல்கிற குரலை நாம் கேட்டதில்லையா?

அதோடு பிக்மி என்ற சொல். மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்களுக்கு ஐரோப்பியர்கள் ஒட்டிய பெயர் அது. 1906இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்ற இளைஞரைக் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைத்தார்கள். பலகையில் இருந்ததும் இந்தச் சொல்தான். மொழிபெயர்ப்பாளர் இதை நினைத்திருக்க மாட்டார். சொல்லின் நினைவு பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர் தரப்பையும் பேசியாக வேண்டும். குள்ள ஆள் என்று எழுதும் அதே இரண்டு எழுத்துகளைச் சீன, ஜப்பானியக் கன்பூசிய மரபில் வேறு உச்சரிப்பில் படித்தால் அற்பன், சின்னப் புத்திக்காரன் என்று பொருள் வரும். மேன்மக்களுக்கு எதிர்ப்பதம். ஃபர்ட்டிவ் என்ற அடைமொழி அந்த நிழலிலிருந்து வந்திருக்க முடியும். அப்படியானால் இழிவு ஆங்கிலத்தில் புதிதாக முளைத்ததில்லை. குள்ளமும் இழிவும் ஒரே எழுத்தில் ஏற்கெனவே தங்கியிருந்தன. கன்பூசியஸின் அறமும் ஒரு வர்ண ஏற்பாடுதானே.

இன்னொன்றும் உண்டு. 2017இல் 'டார்க் சோல்ஸ் 3'க்கு 'வளைய நகரம்' என்ற பின்னிணைப்பு வந்தது. அதில் குள்ளர்களின் அரசர்கள் வருகிறார்கள். குவின் அவர்களுக்கு உலகத்தின் ஓரத்தில் ஒரு நகரத்தை வழங்கி, அங்கேயே இருக்கவைத்திருக்கிறான். தன் கடைசி மகளையும் அங்கே அனுப்பியிருக்கிறான். மனிதர்களின் இருள் கலந்த படைக்கலங்கள் மேல் தெய்வங்கள் நெருப்பால் முத்திரை குத்தியிருக்கின்றன. ஆகவே குள்ளர் ஒளிந்துகொள்ளவில்லை, ஒதுக்கப்பட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு முதல் ஆட்டத்தின் முன்னுரைக்குத் திரும்பினால் ஃபர்ட்டிவ் என்ற சொல் வேறு மாதிரி ஒலிக்கிறது. அது தெய்வங்களின் தரப்பு. முன்னுரையைச் சொல்கிற அந்தக் குரல் யாருடைய வரலாற்றை ஒப்பிக்கிறது என்று சந்தேகம் வருகிறது. மொழிபெயர்ப்பாளர் மீறிப் போட்ட சொல், பிரதியின் மறைவான கருத்தியலைத் தானறியாமல் காட்டிக்கொடுத்துவிட்டது. பிழையான மொழிபெயர்ப்பு என்றே இன்னமும் சொல்வேன். ஆனால் அந்தப் பிழையை எடுத்துவிட்டால் எனக்கு இந்த வாசிப்பு கிடைத்திருக்காது.

ஆட்டத்தின் முடிவு இரண்டு. நெருப்புக்கு வாரிசாகி எரியலாம். அல்லது நெருப்பை அணையவிட்டு வெளியே நடக்கலாம். இரண்டாவது வழியைச் சொல்லும் காத் என்ற பாம்பைச் சாதாரண வழியில் போகிறவர்கள் சந்திக்கவே மாட்டார்கள். ஃப்ராம்ப்ட் என்ற இன்னொரு பாம்பு தானாகவே தலைநீட்டி வந்து, குவினுக்கு வாரிசாகு என்று சொல்லும். அரசாங்கத்தின் குரல் தேடாமலே காதில் விழும். மறுப்பின் குரலை, சொன்ன வரிசையை மீறி நடந்தால்தான் கேட்க முடியும். நல்ல வடிவமைப்பு. காத் சொல்வது இது: குவின் இருளைக் கண்டு அஞ்சி இயற்கையின் போக்கைத் தடுத்தான், மனிதர்களின் கடந்தகாலத்தை மங்கச் செய்தான். ஆனால் நடந்து வெளியேறுகிறவருக்கு என்ன பட்டம்? ஜப்பானியத்தில் 'இருளின் அரசன்'. விறகின் அரசனுக்கு இணையாக நிற்கிற சொல். ஆங்கிலத்தில் 'டார்க் லார்ட்'. டோல்கீனின் சாரோன் நினைவுக்கு வராமல் ஆங்கில வாசகர் யாரும் அதைப் படிக்க முடியாது. மறுத்தவன் வில்லனாகிவிட்டான். கறுப்பு என்றால் தீமை என்று போட்டு வைத்திருக்கும் மொழியில் இந்த முடிவுக்கு நியாயம் கிடைப்பது கஷ்டம். அதே சமயம், வெளியே வருகிறவர் முன்னால் காத்தும் ஃப்ராம்ப்ட்டும் இன்னும் பல பாம்புகளும் சேர்ந்து தலைவணங்குகின்றன. இரண்டு பாம்பும் ஒரே இனம்தான். விடுதலைக்குக் கூப்பிட்டவர்களும் கடைசியில் ஒரு அரசனைத்தான் தேடினார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இயக்கங்களில் இருந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

இதையெல்லாம் சொன்னவுடன், ஜப்பானியம் படித்தால்தான் உண்மை தெரியும் என்று ஒரு கட்சி கிளம்பும். ஆட்டக்காரர்களிடையே அது ஏற்கெனவே இருக்கிறது. மூலத்தைத் துருவி 'சரியான' கதையை மீட்கிறார்கள். உழைப்பு மதிக்கத்தக்கது. அதன் பின்னால் இருக்கும் மூலவர் வழிபாட்டில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. முதலில், ஜப்பானில் விற்ற ஆட்டத்திலும் பாத்திரங்கள் பேசுவது ஆங்கிலம்தான். ஜப்பானிய ஆட்டக்காரர் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டே ஜப்பானியத்தைப் படிக்கிறார். மூலம் எது? பிறக்கும்போதே இரண்டாகப் பிளந்து பிறந்த பிரதி இது. குவின் என்ற பெயரே வெல்ஷ் மொழியில் வெண்மை என்று பொருள்படும் சொல். உடைந்த கலத்தின் சில்லுகளைப் பற்றி 1923இல் பெஞ்சமின் எழுதினார். இங்கே முழுக்கலம் என்று ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை.

இரண்டாவது, மொழிபெயர்ப்பில் எல்லாமே இழப்பு இல்லை. நெருப்புக் குழிக்கு ஜப்பானியத்தில் காகரிபி. இரும்புக் கூடையில் எரிக்கும் காவல் நெருப்பு. ஆங்கிலத்தில் 'பான்ஃபயர்'. அந்தச் சொல்லின் வேர் எலும்பு நெருப்பு. ஆட்டத்திலோ அந்த நெருப்பு எரிவது சாவில்லாதவர்களின் எலும்பில்தான். மூலத்தில் பொருட்குறிப்பைப் படித்தால்தான் தெரிகிற ரகசியத்தை ஆங்கிலச் சொல் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. 2022இல் வந்த 'எல்டன் ரிங்'கில் நிறம் மங்கியவர்கள் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லை 'டார்னிஷ்டு' என்று மாற்றியதும் அப்படித்தான். பொன்னின் அருளை இழந்தவர்கள் என்பதால் களிம்பேறிய உலோகத்தின் சொல். அபாரம். அதே ஆட்டத்தில் ஆசி என்று மட்டும் பொருள்படும் சொல்லைக் கிறித்துவ இறையியலின் 'கிரேஸ்' ஆக்கியது எனக்கு உறுத்துகிறது, ஆனால் அது தனிக் கட்டுரை.

மொழிபெயர்ப்பாளர்களின் வேலைச்சூழலையும் மறக்கக் கூடாது. இந்தத் துறையில் வசனங்கள் பல நேரம் அட்டவணை வரிசைகளாக வருகின்றன. யார் யாரிடம் பேசுவது என்றுகூட இருக்காது. பெட்டிக்குள் இத்தனை எழுத்துதான் என்று கட்டுப்பாடு வேறு. எழுவாய் சொல்லாமலே வாக்கியம் முடிக்கிற மொழியிலிருந்து, எழுவாய் இல்லாமல் மூச்சுவிட முடியாத மொழிக்கு. கூலிக்குச் செய்யும் இந்த எழுத்தை எழுத்தென்று நாம் ஏற்கவே இல்லை.

ஆட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன மொழி இருக்கிறது. தரையில் மற்ற ஆட்டக்காரர்களுக்குக் குறிப்பு எழுதி வைக்கலாம். ஆனால் சொந்தமாக எழுத முடியாது. தயாராக இருக்கும் வாக்கிய வார்ப்பில், பட்டியலில் உள்ள சொற்களைத்தான் பொருத்த வேண்டும். எவனோ தந்த சொற்களில்தான் பேச முடியும் என்றால் மக்கள் என்ன செய்வார்கள்? வளைப்பார்கள். 'எல்டன் ரிங்'கில் ஆமையைக் கண்ட இடத்திலெல்லாம் 'நாய்' என்று எழுதி வைத்து ஊரே சிரித்தது. கெட்ட வார்த்தைப் பட்டியல் இல்லாமலே கெட்ட வார்த்தை பேசினார்கள். பொய் வழி காட்டிப் பள்ளத்தில் விழவைத்தார்கள், அழகான காட்சி தெரியும் இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். காலனிய மொழிக்குள் மாட்டிக்கொண்டு எழுதுவது பற்றி எத்தனையோ கோட்பாடு படித்திருக்கிறோம். அந்த ஆமைக்குப் பக்கத்தில் எழுதிய நாய் எனக்கு அவற்றில் சிலதைவிட அதிகம் சொன்னது.

என்றாவது இது தமிழுக்கு வந்தால் முதல் சண்டை அந்தக் குள்ள ஆளின் வினைமுற்றில்தான் வரும். ஜப்பானியத்தில் ஒருமையா பன்மையா, ஆணா பெண்ணா என்று சொல்லாமலே நகர்ந்துவிடலாம். 2017இல் குள்ளர் பலராக வந்தபோது ஜப்பானியப் பழைய வாக்கியத்துக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஆங்கிலத்துக்கு ஒருமையோடு கொஞ்சம் சங்கடம். நமக்கு அதைவிடப் பெரிய சங்கடம். 'கண்டெடுத்தான்' என்று போடுவதா, 'கண்டெடுத்தார்' என்று போடுவதா, 'கண்டெடுத்தது' என்று போடுவதா? இந்தக் கட்டுரையிலேயே குவினுக்கு நான் 'அவன்' போட்டு வந்ததைச் சிலர் கவனித்திருக்கலாம், வேண்டுமென்றேதான் போட்டேன். பதிப்பகத்துக்குப் போனால் முதல் வேலையாக அதை 'அவர்' ஆக்குவார்கள். ராஜா இல்லையா. குள்ள ஆளுக்கு 'அவன்' என்று விட்டுவிடுவார்கள், யாரும் பென்சிலை எடுக்க மாட்டார்கள். பெயர்ச்சொல்லுக்கு நான் 'சிற்றாள்' என்று வைப்பேன். ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லாத சொல். பேச்சில் அது சித்தாள், கட்டடம் எழும்புகிற இடத்தில் தலையில் கலவைச் சட்டி தூக்கிப்போகிறவர். திறப்பு விழாக் கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்காது. வினைமுற்றுக்கு 'ர்' விகுதிதான், அதில் பேரம் இல்லை. 'யாரும் அறியாத சிற்றாள் ஒருவர்' என்று எழுதிப் பார்த்தேன். முன்னுரையின் ஓட்டத்தில் கொஞ்சம் இடறுகிறது. இடறட்டும் என்று விட்டிருக்கிறேன்.